என்னைவிட மூத்த தம்பி

1

என் தம்பி சின்னச்சாமி என்னைவிட ஒரு வயது மூத்தவன். ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரத்தில், நான் உறுப்பினராக இருக்கும் ஓட்டக் கழகத்தின் செயலாளரிடம் இதை நல்ல ஆங்கிலத்தில்தான் சொன்னேன். அந்த அம்மாள் பொறுமையாகத் தலையாட்டினார். மறுநாள் என் மகள் கவிதாவுக்குப் போன் செய்து, உன் அப்பாவின் ஞாபகசக்தியை ஒருமுறை சோதித்துப் பார்ப்பது நல்லது என்று சொல்லியிருக்கிறார். கவிதா நர்ஸ். உடனே என்னைச் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்து, இன்றைக்கு என்ன கிழமை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே போங்கள் என்று ஆரம்பித்துவிட்டாள். முப்பது வரைக்கும் சரியாகக் கழித்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

நடந்தது இதுதான். ஆற்றங்கரையில் ஐந்து கிலோமீட்டர் பந்தயம். எங்கள் கழகத்தில் ஐந்தைந்து வயதுக்கு ஒரு பிரிவு. கிரஹாம் என்று ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். எழுபதிலிருந்து எழுபத்துநான்கு வரையிலான பிரிவில் மூன்று வருஷமாக அவர்தான் முதல். அன்றைக்கு அவரைப் பதினோரு விநாடி முந்திக்கொண்டு வந்தேன். கடைசி முந்நூறு மீட்டரில் அவர் மூச்சிரைப்பது என் முதுகுக்குப் பின்னால் கேட்டது. வாழ்க்கையில் நான் கேட்ட நல்ல சத்தங்களில் அது ஒன்று. பிறகு பரிசளிப்பு. தங்கம் கிரஹாமுக்கு. எனக்கு ஏழாவது இடம்.

ஏனென்றால் என் பாஸ்போர்ட்டின்படி எனக்கு வயது அறுபத்தொன்பது. அறுபத்தைந்து வயதுப் பொடியன்களோடு ஓட வேண்டியவன் நான். உண்மையில் எனக்கு எழுபத்தொன்று. கிரஹாம் வந்து கைகொடுத்து, பிரமாதமாக ஓடினாய் பெர்ரி என்றார். பெரியசாமி என்ற பெயரை இந்த ஊர் இருபத்தேழு வருஷமாக அப்படித்தான் கூப்பிடுகிறது. கழுத்தில் என் தங்கத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு மனிதன் மரியாதையாகப் பேசினால் எவ்வளவு எரியும் என்பதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஒரு வருஷம் பொறுங்களேன் அப்பா, பாஸ்போர்ட்டிலும் எழுபது வந்துவிடுமே என்றாள் கவிதா. இருபது வயதில் ஒரு வருஷம் என்பது ஒன்றுமில்லை. எழுபத்தொன்றில் ஒரு வருஷம் என்றால் ஐந்து கிலோமீட்டருக்கு இருபது முப்பது விநாடி. அடுத்த வருஷம் இந்தப் பிரிவுக்குள் கிரஹாமைவிடச் சின்னவன் எவனாவது வந்து சேருவான். இப்போது விட்டால் விட்டதுதான். இதை விளக்கிச் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, சும்மா ஒரு ஃபன் ரன்தானேப்பா என்றாள்.

2

ஃபன் ரன். இந்த வார்த்தையைக் கண்டுபிடித்தவனை ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்கள், வெளிநாட்டில் வயசாளிகள் உடம்புக்காக ஓடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஐம்பது வயதில் சர்க்கரை வந்தது, டாக்டர் நடக்கச் சொன்னார், நடந்தேன், பிறகு மெதுவாக ஓடினேன். இரண்டு வருஷம் கழித்து ஒருநாள், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் என்னை முந்திப் போனாள். போகும்போது திரும்பி, தொடர்ந்து ஓடுங்கள், நன்றாக ஓடுகிறீர்கள் என்று வேறு சொன்னாள். அன்றைக்குப் பிறகு நான் சர்க்கரைக்காக ஓடவில்லை.

செவ்வாய்க்கிழமை நானூறு மீட்டர் எட்டுத் தடவை, நடுவில் ஒரு நிமிஷம்தான் ஓய்வு. வியாழக்கிழமை மேடு. ஞாயிறு நீண்ட ஓட்டம். முன்பெல்லாம் ஒரு கடுமையான ஓட்டத்தின் அலுப்பு ஒரு நாளில் போய்விடும். இப்போது மூன்று நாள் ஆகிறது. இடது குதிகால் நரம்பு காலையில் கட்டிலிலிருந்து இறங்கும்போதே தன் புகாரைச் சொல்லிவிடும். பின்தொடை இறுகிக்கொள்ளும். இத்தனை பாடுபட்டு நான் வேகமாக ஆவதில்லை. போன வருஷத்தைவிட அதிகம் மெதுவாகாமல் பார்த்துக்கொள்கிறேன், அவ்வளவுதான். இதைப் போட்டி என்று எந்த இளையவனும் ஒப்புக்கொள்ள மாட்டான். அவர்கள் நம்மைப் பார்த்துக் கைதட்டுவார்கள். நீங்கள் ஒரு இன்ஸ்பிரேஷன் என்பார்கள். எனக்குப் பின்னால் வருகிற நாற்பது வயதுக்காரன் ஒருவன் இப்படிச் சொன்னான். என்னிடம் தோற்றுவிட்டு எனக்கே ஆறுதல் சொல்கிறான்.

அதைவிடக் கேவலம் எல்லோருக்கும் பதக்கம் கொடுப்பது. கலந்துகொண்டதே வெற்றியாம். அந்தத் தகரங்களையெல்லாம் கராஜில் ஆணி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். ஒருமுறை கவிதா என் பிறந்தநாளுக்கு ஒரு டீசர்ட் வாங்கித் தந்தாள். மெதுவாக, ஆனால் மகிழ்ச்சியாக என்று நெஞ்சில் எழுதியிருந்தது. அதில் கார் துடைக்கிறேன். அவள் மகள் மாயா, ஒன்பது வயது, தமிழில் அவளுக்குத் தெரிந்த இருபது முப்பது வார்த்தைகளைச் சேர்த்து என்னை அவள் சிநேகிதிக்கு அறிமுகப்படுத்தினாள்: இது என் பழைய தாத்தா. கவிதா விழுந்து விழுந்து சிரித்தாள், திருத்தவில்லை. வயதான என்று சொல்ல வேண்டும், பழைய என்பது சோற்றுக்கும் சட்டைக்கும் என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். மாயா அதற்குள் போனைப் பார்க்கப் போய்விட்டாள்.

3

வயது எப்படி மாறியது என்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் குன்றாண்டார்கோவிலில் இருந்து உள்ளே தள்ளிப் போக வேண்டும். அந்தக் காலத்தில் பிறப்பைப் பதிவுசெய்கிற பழக்கம் எங்கள் பக்கத்தில் எந்த வீட்டிலும் இல்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற அன்றைக்குத் தலைமையாசிரியர் எழுதுவதுதான் பிறந்த தேதி. வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் வயது வந்துவிட்டது, தொடாவிட்டால் இன்னும் வரவில்லை. பிறகு ஜூன் ஒன்று என்று போட்டு, கைக்கு ஏற்றபடி ஒரு வருஷத்தையும் போட்டுவிடுவார். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் ஒரே நாளில் பிறந்தவர்கள்.

எனக்கு ஏழு வயது, தம்பிக்கு ஐந்து. நான் இரண்டு வருஷம் காய்ச்சலும் கட்டியுமாகக் கிடந்ததால் என்னைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. கடைசியில் அப்பா இருவரையும் ஒரே நாளில் கூட்டிக்கொண்டு போனார். மூத்தவன் பள்ளிக்கூடம் போகிறான் என்று ஆத்தா எனக்குப் புதுச்சட்டை தைத்து வாங்கியிருந்தாள். டெய்லர் துணியை மிச்சம் பிடித்துவிட்டான். கக்கத்தில் கவ்விப் பிடித்தது. தம்பி போட்டிருந்தது என்னுடைய பழைய சட்டை, தொளதொளவென்று. அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே கை கால் நீளம். அவன் கை சுலபமாகக் காதுக்குப் போய்விட்டது. என் கை பாதியில் நின்றது. எவ்வளவு முக்கினாலும் சட்டை விடவில்லை. சட்டையைக் கழற்றிவிட்டுத் தொடு என்று சொல்ல அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, வாத்தியாரை எதிர்த்துப் பேசவும் தெரியாது. தம்பிக்கு ஆறு, எனக்கு ஐந்து என்று எழுதி முடித்தார்கள். அவனுக்கு ஒன்று கூடியது, எனக்கு இரண்டு குறைந்தது.

பெரியசாமி இளையவன், சின்னச்சாமி மூத்தவன். பெயரைப் பார்த்தாவது அந்த வாத்தியாருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, இன்னும் எனக்கு ஆறவில்லை.

4

இந்த ஜனவரியில் ஐந்து வாரம் ஊருக்கு வந்தேன். சொந்தக்காரர்களிடம் பொங்கலுக்கு என்று சொன்னேன். உண்மையில் வந்தது தேதியைத் திருத்த. பிறப்புச் சான்றிதழ் திருத்தமாகக் கிடைத்தால் பெர்த்தில் மற்ற காகிதங்களை மாற்றிக்கொள்ளலாம், அதை வைத்துக் கழகத்தில் பிரிவை மாற்றிக்கொள்ளலாம் என்று விசாரித்து வைத்திருந்தேன்.

ஊர்ப்பக்கத்து ஆபீஸ் ஒன்றில் மூன்று நாள் உட்கார்ந்தேன். எந்த ஆபீஸ் என்று சொல்ல மாட்டேன், எல்லா ஆபீசும் அதே ஆபீஸ்தான். மேசையில் இருந்தவர் என் மனுவை இரண்டு தடவை படித்தார். வேலைக்கா என்றார், இல்லை. பென்ஷனுக்கா, இல்லை. சொத்துத் தகராறா, இல்லை. ஓட்டப்பந்தயத்துக்கு என்றேன். பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

“எல்லாரும் வயசக் கொறச்சுக் குடுங்கன்னு வருவாங்க சார். நீங்க கூட்டிக் குடுங்கங்கிறீங்க. எங்ககிட்ட அதுக்கு வழக்கமே இல்லையே.”

பிறகு ஒரு வழி சொன்னார்கள். பதிவு இல்லை என்று ஒரு சான்று, கூடவே நான்தான் மூத்தவன் என்று ரத்த உறவுள்ள ஒருவர் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அப்பா, ஆத்தா இருவரும் போய்விட்டார்கள். மிச்சம் இருக்கிற ரத்த உறவு ஒன்றே ஒன்று, அவன் வீட்டில்தான் நான் தங்கியிருந்தேன். இலுப்பூரில் ஒரு வக்கீலிடம் போய் இரண்டு பக்கம் டைப் அடித்து வாங்கி வந்தேன். சட்டை, காது, வாத்தியார் எல்லாம் அதில் வந்துவிட்டது. தம்பியின் கையெழுத்துக்கு மட்டும் இடம் காலி.

சின்னச்சாமி பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவன். அவனும் ஓடுகிறான். என்னைப் பார்த்துத்தான் தொடங்கினான், இதை அவன் ஒப்புக்கொள்ள மாட்டான். நான் போனில் என் ஓட்ட நேரங்களைச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே இருந்தவன், ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், அண்ணே நானும் ஓடிப் பாத்தேன் என்று தன் நேரத்தைச் சொன்னான். என்னைவிடக் கொஞ்சம் குறைவு. அந்த வாரம் எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

நம் பக்கத்தில் இந்தப் போட்டிக்கு மூத்தோர் தடகளம் என்று பெயர். என்ன பொருத்தமான பெயர் பாருங்கள். புதுக்கோட்டையில் நடக்கும் மூத்தோர் போட்டியில் எழுபது வயதுப் பிரிவில் போன வருஷம் அவனுக்குத்தான் முதலிடம். வயது அறுபத்தொன்பது. காகிதத்தில் எழுபது. நான் அறுபத்தொன்பது என்ற காகித வயதில் மாட்டிக்கொண்டு ஏழாவதாக வருகிறேன், இவன் எனக்குச் சேர வேண்டிய பிரிவில் பதக்கம் வாங்கிச் சுவரில் மாட்டியிருக்கிறான். வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது அதுதான்.

பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டேன். பாப்போம்ணே என்றான். மறுநாள் கண்ணாடியைக் காணோம். அதற்கு மறுநாள் நாள் நல்லாயில்லை. அடுத்த வாரம் கன்று வாங்கக் கீரமங்கலம் போக வேண்டும். அங்கிட்டுப் போனால் வர நேரமாகும், வந்து பாத்துக்கலாம் என்றான். நான்கு வாரம் இப்படியே போனது. ஒவ்வொரு விடிகாலையும் இருவரும் ஒரே நேரத்தில் செருப்பைக் கழற்றி ஷூ மாட்டுவோம். அவன் கண்மாய்க் கரையில் கிழக்கே போவான், நான் மேற்கே போவேன். திரும்பி வந்ததும் ஒருவர் நேரத்தை ஒருவர் கேட்க மாட்டோம். ஒருநாள் சாப்பிடும்போது, நேத்து ஒங்களுக்குக் கடைசிக் கிலோமீட்டர்ல கால் தளந்துருச்சுபோல என்றான். கரையின் மறுமுனையில் நின்று என்னைக் கணக்கெடுத்திருக்கிறான். நானும் இரண்டு நாள் அவனை அப்படிக் கணக்கெடுத்திருந்தேன், ஆனால் அதை வெளியே சொல்கிற ஆள் நான் இல்லை.

5

பிப்ரவரி முதல் ஞாயிறு புதுக்கோட்டையில் போட்டி. நானும் பெயர் கொடுத்தேன். வெளியூர்க்காரரும் ஓடலாம் என்றார்கள். பாஸ்போர்ட்டைக் காட்டியதும் அறுபத்தைந்து பிரிவில் எழுதிக்கொண்டார்கள். தம்பி எழுபதில். ஆள் குறைவாக இருந்ததால் அறுபத்தைந்து, எழுபது இரண்டு பிரிவையும் ஒன்றாகவே ஓடவிட்டார்கள். ஐயாயிரம் மீட்டர், பன்னிரண்டரைச் சுற்று, மொத்தம் எட்டுப் பேர்.

முதல் சுற்றிலிருந்தே அவன் பின்னால் ஒட்டிக்கொண்டேன். அவன் நீளக் காலால் அலட்டிக்கொள்ளாமல் போவான். நான் குட்டை, அவன் மூன்று எட்டு வைத்தால் நான் நான்கு வைக்க வேண்டும். மண் தடம். அவன் காலிலிருந்து கிளம்புகிற புழுதியெல்லாம் என் வாய்க்குள். முன்னால் போனவர்களைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. அறுபத்தைந்தில் முதல் மூன்று பேரும் அரைச் சுற்றுக்கு மேல் போய்விட்டார்கள். எனக்கு இவன் ஒருவன் போதும். பத்தாவது சுற்றில் பின்தொடை இழுக்கத் தொடங்கியது. பதினொன்றில் அவன் தோள் லேசாக ஆடியது. அவனுக்கு முடியவில்லை என்று தெரிந்ததும் எனக்குப் புது மூச்சு வந்துவிட்டது.

கடைசி வளைவில் வெளிப்பக்கமாக எடுத்தேன். பக்கத்தில் வந்தபோது அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

“முன்னால போங்கண்ணே, போங்க” என்றான்.

வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் பயணியிடம் சொல்வானே, அதே குரல். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த நூறு மீட்டரை எப்படி ஓடினேன் என்று தெரியாது. நான்கு விநாடி முன்னால் வந்தேன். குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு மண்ணைப் பார்த்து நின்றேன். எழுபத்தொரு வயதில் இப்படி ஓடியதை ஒருவரும் எழுதிக்கொள்ளப் போவதில்லை.

அப்படியே ஆயிற்று. அறுபத்தைந்தில் நான் நான்காவது, ஒன்றும் கிடையாது. எழுபதில் முதலிடம் சின்னச்சாமி என்று மைக்கில் கூப்பிட்டார்கள். எனக்குப் பின்னால் வந்தவன் மேலே ஏறி நின்றான். போட்டியை நடத்தியவர் ஒரு ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர். நேராக அவர் மேசைக்குப் போய், இவனுக்கு எழுபது ஆகவில்லை, அறுபத்தொன்பதுதான், இவன் என் தம்பி, நான்தான் மூத்தவன் என்று சொன்னேன். மெதுவாகத்தான் சொல்ல நினைத்தேன். மைக் பக்கத்தில் இருந்ததால் மைதானம் முழுக்கக் கேட்டுவிட்டது.

அவர் இரண்டு பேருடைய காகிதங்களையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“சார், பேப்பர்படி இவருதானே ஒங்களுக்கு அண்ணன். வீட்ல பேர மாத்தி வச்சுட்டாங்கபோல” என்றார்.

சுற்றி நின்ற பத்துப் பேர் சிரித்தார்கள். தம்பி சிரிக்கவில்லை. கழுத்திலிருந்து பதக்கத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தான். அண்ணன் சொல்றது நெசந்தான், எனக்கு அறுவத்தொம்போதுதான், இத அடுத்த ஆளுக்குக் குடுத்துருங்க என்றான். அவர் பதறிப்போய், காகிதம் இல்லாமல் நாங்கள் மாற்ற முடியாது என்று பதக்கத்தைத் திருப்பி நீட்டினார். அவன் வாங்கவில்லை.

இதுதான் சமயம் என்று நான் பையிலிருந்து பத்திரத்தை எடுத்தேன். வெட்கமில்லாமல் எடுத்தேன் என்று இப்போது எழுதுகிறேன், அப்போது அப்படித் தோன்றவில்லை. நீயே ஒத்துக்கிட்டியே, இதுல போடு என்று பேனாவைத் திறந்து கொடுத்தேன். நான்கு வாரமாகக் காணாமல் போயிருந்த கண்ணாடியை அவன் சட்டைப் பையிலிருந்து எடுத்து மாட்டினான். நின்றபடியே இரண்டு பக்கத்தையும் எழுத்து விடாமல் படித்தான். வேர்வை சொட்டி ஓர் இடத்தில் எழுத்துக் கலங்கியது.

“எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஒண்ணு மட்டும் விட்டுப்போச்சு” என்றான்.

என்ன என்று கேட்டேன்.

“அந்தத் தேதிய வச்சுத்தான் நீ கப்பல் ஏறுன. அதையும் இதுல எழுதிட்டு வா, கையெழுத்துப் போடுறேன்.”

காகிதத்தை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்து போய்விட்டான். பிறந்ததிலிருந்து அவன் என்னை அண்ணே, நீங்க, வாங்க என்று தவிர வேறு மாதிரி கூப்பிட்டதில்லை. சண்டை போட்ட நாளிலும் நீங்க என்றுதான் திட்டியிருக்கிறான். அன்றைக்கு முதல்முதலாக நீ என்றான். பத்துப் பேர் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

அதன் பிறகு இரண்டு நாள்தான் அந்த வீட்டில் இருந்தேன். விடிகாலையில் அவன் ஷூ மாட்டிக்கொண்டு கிழக்கே போனான். நான் வெளியே போகவில்லை. சாப்பாடு போட்டார்கள், சாப்பிட்டேன். விமானத்துக்குக் கிளம்பும்போது பெட்டியை அவனே தூக்கிக் காரில் வைத்தான், கார் கிளம்புவதற்கு முன்பே உள்ளே போய்விட்டான்.

6

பெர்த்துக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. அந்தப் பத்திரம் இத்தனை நாளும் மேசை டிராயரில் கிடந்தது. இந்தக் குறிப்பை இதுவரை படித்தவர்கள், கப்பலைப் பற்றி இவன் ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்கலாம். மறந்து போயிருந்தேன் என்று சொன்னால் கவிதா திரும்பவும் ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வாள். மறக்கவில்லை. எழுதாமல் தாண்டிப் போக முடியுமா என்று பார்த்தேன்.

எனக்கு இருபத்தாறு, தம்பிக்கு இருபத்துநான்கு. சிங்கப்பூர்க் கப்பல் பட்டறைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று திருச்சியில் ஒரு ஏஜென்டிடம் இருவரும் சேர்ந்து போனோம். இருவரும் வெல்டிங் கற்றவர்கள். அவன் என்னைவிட நன்றாக வேலை செய்வான். பரீட்சைக்கு இரும்புத் துண்டு கொடுத்து ஒட்டச் சொன்னார்கள். அவன் ஒட்டியதைத்தான் மற்றவர்களுக்குத் தூக்கிக் காட்டினார்கள். பிறகு சான்றிதழைக் கேட்டார்கள். இருபத்தைந்து முடிந்திருக்கக் கூடாது என்பது விதி. காகிதத்தில் எனக்கு இருபத்துநான்கு, அவனுக்கு இருபத்தைந்து முடிந்திருந்தது. என் காகிதத்தை ஒரு பக்கம் வைத்தார்கள், அவனுடையதைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

அப்போது அவன் என்னைப் பார்த்தான். அண்ணன் ஏதாவது சொல்வான் என்று பார்த்தான். இவன் எனக்குத் தம்பி, தேதி மாறிப்போச்சு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொன்னால் என் வயது இருபத்தாறு என்று வெளியே வந்துவிடும், நானும் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். ஏஜென்டுக்குப் பின்னால் சுவரில் ஒரு காலண்டர் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவனும் வாயைத் திறக்கவில்லை. அவன் சொல்லியிருக்கலாம், நான் கெட்டுப்போகக் கூடாது என்று சொல்லவில்லை. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏற்றிவிட அவன்தான் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். வழியில் பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட்டைக் கொடுத்தான்.

சிங்கப்பூரில் பதினெட்டு வருஷம், பிறகு இந்த ஊர். வீடு, குடியுரிமை, கவிதாவின் படிப்பு, மாயா, ஆற்றங்கரையில் ஓட்டம், எல்லாம் அந்த மேசையில் ஒட்டிக்கொண்ட பொய் வயதிலிருந்து வந்தவை. இரண்டு வருஷம் இளமையாக இருந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். வாங்கி முடித்த பிறகு, இப்போது மூப்பு எனக்கு லாபமாக இருப்பதால் அதையும் கொடு என்று அவனிடம் போய் நின்றிருக்கிறேன். அதுவும் அவன் கழுத்தில் பதக்கம் விழுந்த அரை மணிக்குள்.

போன சனிக்கிழமை இங்கே பந்தயம் இருந்தது. கிரஹாமுக்குப் பின்னால் வந்தேன். பின்தொடை இன்னும் சரியாகவில்லை. எட்டாவது இடம். அவர் கைகொடுத்தார், நானும் கொடுத்தேன். செயலாளர் அம்மாள் என் தம்பி நலமா என்று மிகுந்த கவனத்தோடு விசாரித்தார்.

7

சின்னச்சாமி, இதை அச்சிடுகிற இதழ் உன் வீட்டுக்கு வருகிறது என்று எனக்குத் தெரியும். கண்ணாடியைக் காணோம் என்று சொல்லாதே.

பத்திரத்தில் எழுதிக்கொண்டு வா என்றாய். அதற்கு ஒரு வக்கீல், இரண்டு சாட்சி, நான்கு ஆபீஸ். யாரும் படிக்காமல் ஒரு கட்டுக்குள் போய்க் கிடக்கும். அதனால் இங்கே எழுதிவிட்டேன். பத்துப் பேர் முன்னால் கேட்டாய், ஊரே படிக்கிற மாதிரி பதில் சொல்லியிருக்கிறேன். காலண்டரைக்கூட விடவில்லை. அதில் என்ன மாதம் இருந்தது என்பதும் எனக்குத் தெரியும், வேண்டுமானால் நேரில் கேள்.

கோபம் எனக்கும் போகவில்லை. முன்னால போங்கண்ணே என்று நீ சொன்னதை நான் மறக்கப் போவதில்லை. அந்த நான்கு விநாடியும் என்னுடையது, அதில் உனக்குப் பங்கு கிடையாது. அடுத்த ஜனவரியில் வருவேன். நீ எந்த வயதுப் பிரிவில் ஓடினாலும் உன் பின்னால்தான் ஒட்டிக்கொண்டு ஓடுவேன்.

பத்திரத்தைத் தனியாகத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். உன் வேர்வை பட்ட அதே தாள். உன் பெயருக்கு மேலே, நான் திருச்சியில் செய்ததை என் கையாலேயே எழுதி என் கையெழுத்தை முதலில் போட்டிருக்கிறேன். நீ போடு, போடாமல் இரு. நீ என்றே கூப்பிடு. ஆனால் போன் பண்ணிக் கூப்பிடு.